பிராசசரின் பாரம் எங்கிருந்து வருகிறது?

சேலம் வட்டார நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டால், அது பழையதாகிவிட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்கவோ, இணையத்தில் கிடைக்கும் ‘வேகப்படுத்தும்’ மென்பொருள் ஒன்றை நிறுவவோ பலர் முனைகிறார்கள். அந்த மென்பொருளும் பின்னணியில் ஓடி, கணினியின் மூளையான பிராசசரின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது, பாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள் என்பதே.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், ஓடும் நிரல்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியைப் போட்டவுடன் பார்க்க வேண்டாம். அப்டேட், வைரஸ் சோதனை போன்றவை அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கக் கூடும். சற்றுப் பொறுத்து, சிபியு (பிராசசரின் இன்னொரு பெயர்) என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் இழுக்கும் நிரல் பட்டியலின் உச்சிக்கு வரும். சிபியு குறைவாக இருந்து, டிஸ்க் என்ற பத்தி மட்டும் 100 சதவீதத்திலேயே நின்றால், குற்றம் பிராசசருடையது அன்று. கோப்புகளைச் சேமிக்கும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி பொருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிபியுதான் நிரம்பியிருக்கிறது என்றால், உச்சியில் நிற்பது அநேகமாக பிரவுசராக இருக்கும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால், எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியே தெரியும். காணொளி ஓடும் டேப்பை முதலில் கவனியுங்கள். யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வகைக் காணொளிகளை விரித்துக் காட்டுவதற்கான தனிச்சுற்று பழைய கணினிகள் பலவற்றில் இல்லாததால், அந்த வேலை முழுவதும் பிராசசரின் தலையில் விழுகிறது. பிள்ளைகள் பாடம் கேட்கும் காணொளியின் படத்தரத்தை 1080-லிருந்து 480-க்குக் குறைத்தால், படத்தின் புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கரும்பலகையில் பெரிதாக எழுதியதை அப்போதும் படிக்க முடியும்.

கணினியோடு சேர்ந்தே எழும் நிரல்களில் வேண்டாதவற்றை, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்திவிடலாம். இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை நீக்குங்கள், இரண்டையும் நீக்கிவிடாதீர்கள்.

இனி, நம் ஊரில் அதிகம் காணும் ஒரு காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிராசசர் சூடேறி 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கெட்டுப்போகாமல் இருப்பதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் அதே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கும். சிறு நிரல்கூட அதைத் திணறடிக்கும். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடும் வீடுகளிலிருந்து வரும் கணினியைத் திறந்தால், விசிறிக்கு அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பஞ்சுத் தூசி கம்பளித் துணி போலப் படிந்திருக்கும். விசிறி சுற்றும்; காற்று உள்ளே போகாது. சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசியை எடுக்க வேண்டும். அப்படியும் சூடு தணியாவிட்டால், பிராசசருக்கும் அலுமினியத்துக்கும் இடையிலுள்ள, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் வெயில் இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். குளிருக்குப் போர்த்திய கம்பளியின் மேல் லேப்டாப்பை வைத்தால் அதன் அடிப்பக்கக் காற்றுவழி அடைபட்டு, அங்கேயும் இதே கதைதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியில் தட்டச்சும் இணையமும் மட்டும் போதும் என்பவர்கள், முதலில் தங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸில், லுபுண்டு போன்ற இலகுவான ஒன்றைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.