டிக் ஹேம்ஸ்: ஆளு விழுந்தாரு, குரல் விழல

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அமெரிக்காவுல பெரிய வாத்தியக் குழுங்க கொடிகட்டிப் பறந்த பிக் பேண்ட் காலத்துப் பாடகர்னு சொன்னா உடனே ஃபிராங்க் சினாட்ரா பேருதான் வருது, ஆனா ஹாரி ஜேம்ஸ் பேண்ட்ல, அப்புறம் டாமி டார்சி பேண்ட்லன்னு சினாட்ரா விட்டுட்டுப் போன இடத்துக்கு ரெண்டு தடவையும் வந்தவரு டிக் ஹேம்ஸ், அவரைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.

1918ல பியூனஸ் அயர்ஸ்ல பொறந்தவரு. தான் எழுதின பாட்டுங்களை விக்கலாம்னு ஹாரி ஜேம்ஸ்கிட்ட போனாரு, அவரு பாட்டை விட்டுட்டு ஆளைப் பாடச் சொல்லி சேர்த்துக்கிட்டாரு. அன்னைக்கு பேண்ட்ல பாடகருக்கு என்ன இடம் தெரியுமா? ஜனங்க டான்ஸ் ஆட வந்தவங்க. டிரம்பெட், சாக்ஸ் எல்லாம் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் பாடகர் மேடையிலயே சேர்ல சும்மா உட்கார்ந்திருக்கணும், முறை வந்தா மைக்குக்கு வந்து ஒரு சுத்து பாடிட்டு மறுபடி போய் உட்காரணும், அவ்ளோதான். ரெக்கார்டு லேபிள்ல பேண்ட் தலைவர் பேருக்குக் கீழ பொடி எழுத்துல இவங்க பேரு.

இதை மாத்தினது ஒரு ஸ்ட்ரைக்குங்க. 1942 ஆகஸ்ட்ல வாத்தியக்காரங்க சங்கம் ராயல்டி கேட்டு ரெக்கார்டிங்கையே நிறுத்திடுச்சு, பாடகருங்க அந்த சங்கத்துல இல்ல, அதனால 1943ல டெக்கா ரெக்கார்டு கம்பெனிக்காக ஹேம்ஸ் "யூ வில் நெவர் நோ" பாடினப்போ ஒரு வயலின் கிடையாது, பியானோ கிடையாது, பின்னாடி ஒரு குழு வாயாலயே ஹம்மிங் குடுக்குது, முன்னாடி பாரிடோன்ங்கிற அந்த கனமான ஆண் குரல் மட்டும். ஒளிய இடமே இல்லாத ரெக்கார்டிங் அது, ஒரு இடத்துலகூட குரல் ஆடல! நம்பர் ஒன் ஆச்சு, பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு, சினிமா சான்ஸும் வந்துச்சு.

ஆனா அதே ரெண்டாம் உலகப் போர் காலத்துல அவரு ஒரு கையெழுத்து போட்டாரு. நான் நடுநிலை நாடான அர்ஜென்டினாவோட குடிமகன், ராணுவத்துக்கு வரமாட்டேன்னு. அதைப் போட்டா அமெரிக்கக் குடியுரிமை கேக்குற உரிமையே போயிடும். மத்த வீட்டுப் பசங்க செத்துக்கிட்டிருந்த நேரம், இதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனா அதுக்கு வசூல் பண்ணின விதம் கொடுமைங்க. 1953ல ஷூட்டிங்ல இருந்த ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தைப் பாக்க ஹவாய் போனாரு, ஹவாய் அப்போ அமெரிக்க மாநிலம் இல்ல, அதனால திரும்பி வந்ததை நாட்டுக்குள்ள புதுசா நுழைஞ்ச மாதிரி கணக்கு வச்சு நாடு கடத்தக் கிளம்பிட்டாங்க. ரீட்டாவைக் கல்யாணம் பண்ணினாரு, 1954ல கேஸ்ல ஜெயிச்சாரு, ஆனா வரி பாக்கி, ஜீவனாம்ச பாக்கி, குடி எல்லாம் சேர்ந்து அமுக்கிடுச்சு, 1955ல அந்தக் கல்யாணமும் முறிஞ்சுது. அப்புறம் அயர்லாந்து, திரும்ப அமெரிக்கா, 1980ல நுரையீரல் புற்றுநோய்.

எனக்குத் தாங்காதது என்னன்னா, அவரோட உச்சமான பாட்டெல்லாம் விழுந்த பிறகுதான் வந்துச்சு. சினாட்ராவைத் தூக்கி நிறுத்தின அதே கேப்பிடல் ரெக்கார்டு கம்பெனியில 50கள் நடுவுல ரெண்டு ஆல்பம் பண்ணினாரு. அதுல முதலாவது "ரெய்ன் ஆர் ஷைன்", "யூ வில் நெவர் நோ"வை அதுல திரும்பப் பாடியிருக்காரு, 1943ல ஒரு பையன் லவ் பண்றான், இதுல எல்லாத்தையும் தொலைச்ச ஒருத்தர் ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சு எடுத்து வைக்கிறாரு. ஆல்பம் சரியா விக்கல. கேஸையும் கல்யாணத்தையும் பத்தி விழுந்து விழுந்து படிச்ச ஜனங்க இதைக் காசு குடுத்து வாங்கிக் கேட்டிருக்கணும்ங்க, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல.