காற்புள்ளி இருந்த இடத்தில் ‘இ’

வணக்கம் நேயர்களே. எங்கள் ஊரான திருகோணமலையில் இரண்டு மூன்று பேர் இருந்து நடத்தும் ஒரு சிறிய இணையத்தள வடிவமைப்பு நிலையத்துக்கு என்ன வேலைகள் வருகின்றன? உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துத் தங்குமிடங்கள், புறாமலைத் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் படகுக்காரர், ஒரு பழைய மாணவர் சங்கம், கோயில் மலரை இணையத்தில் ஏற்றக் கேட்பவர்கள். பெரும்பாலும் இவ்வளவுதான். கணினிப் பக்கமே போகாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வட்ஸ்அப் பாவிப்பவருக்கு இன்றைக்கு நான் சொல்வது அத்தனையும் விளங்கும்.

நிறம், படம், அசையும் எழுத்து என்றுதான் எல்லோரும் பேச்சைத் தொடங்குவார்கள். நான் எழுத்தில் தொடங்குகிறேன். வேலை கெடுவது அங்கேதான்.

சங்கத்துக்காரர் முப்பது வருட அறிக்கைகளை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து தருவார். திறந்தால் பாதிக்கு மேல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பாமினி என்ன செய்கிறது என்று சொல்கிறேன். திரையில் ‘அம்மா’ என்று தெரியும். கணினிக்குள்ளே இருப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் போர்வை விலகி எம், கே, அரைப்புள்ளிதான் தெரியும். கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். யாராவது ‘அம்மா’ என்று தேடினால் அந்த அறிக்கை அகப்படாது. இப்போது போனிலும் இணையத்திலும் பாவிக்கும் யுனிகோட் முறையில் அம்மா உள்ளேயும் அம்மாதான்.

சரி, மாற்றிவிட்டால் போயிற்று என்பீர்கள். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலும் ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வரும். ‘மூதூர்இ கிண்ணியாஇ தம்பலகாமம்இ குச்சவெளி’ என்று இணையத்தில் எங்காவது வாசித்திருப்பீர்கள். ஊருக்குப் பின்னால் ஏன் ஓர் ‘இ’ ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று யோசித்தும் இருப்பீர்கள்.

பாமினியில் காற்புள்ளி விசையை அழுத்தினால் வருவது ‘இ’. காற்புள்ளி வேண்டுமானால் வேறொரு விசையைத் தட்ட வேண்டும். அவசரத்தில் தட்டச்சு செய்தவர் என்ன செய்திருப்பார்? எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றி, காற்புள்ளியைப் போட்டுவிட்டு, திரும்பப் பாமினிக்கு வந்திருப்பார். தாளில் அச்சிட்டால் பிழையே தெரியாது. மாற்றும் கருவிக்கோ எந்த இடத்தில் எந்த எழுத்துரு என்று தெரியாது. காற்புள்ளியைக் கண்டால் ‘இ’ ஆக்கிவிடும். அறிக்கை முழுக்க ‘இ’.

திருத்துவது சுலபம். தனி உயிரெழுத்தாக ‘இ’ இன்றைய உரைநடையில் சொல்லின் கடைசியில் வராது. ஆகையால் ‘இ, அதை அடுத்து ஓர் இடைவெளி’ என்று தேடி, காற்புள்ளியும் இடைவெளியுமாக மாற்றுங்கள். முதலெழுத்து ‘இ’ ஆக உள்ளவர்களின் பெயர் தப்பிவிடும், அங்கே ‘இ’க்குப் பின் முற்றுப்புள்ளி இருக்கும். பழைய அறிக்கைகளில் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு எழுதியவர்களும் உண்டு. அதனால் பெயர்ப்பட்டியலில் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

இன்னொன்று. அறிக்கைக்குள் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் ஏதும் இருந்தால் கருவி அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். இலக்கங்கள் தப்பும். ஆகவே முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போடாமல், தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போடுங்கள். முடிந்ததும் ‘ஸ்ரீ’ வரும் இடங்களையும், ‘ஔ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடினால் ஒன்று வரும், மற்றது வராது.

தேடல் என்றதும் ஊர்ப்பெயர் ஞாபகம் வருகிறது. திருகோணமலையா, திருக்கோணமலையா? அந்த ‘க்’குக்காக இந்த ஊரில் எத்தனை மாலை நேரம் போயிருக்கும்! அதைத் தீர்க்க நான் வரவில்லை. திருமலை என்போரும் உண்டு, சம்பந்தர் பதிகத்தில் கோணமாமலை. ஆங்கிலத்தில் 11 எழுத்து, வெளிநாட்டுக்காரர் அதைச் சுருக்கி டிரிங்கோ என்பார். கூகுள் இவற்றை ஓரளவு ஒன்றாக எடுத்துக்கொள்ளும். தளத்துக்குள்ளே நாம் வைக்கும் தேடல் பெட்டி எடுத்துக்கொள்ளாது. ஒரு வடிவத்தைத் தெரிவுசெய்து தலைப்பு முழுக்க அதையே போடுங்கள். மற்றவற்றை முகவரிப் பகுதியில் ஒருமுறையாவது எழுத்தாக எழுதுங்கள். எழுத்தாக என்று சொன்னேன், படமாக அல்ல. நோட்டீசைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு ‘தமிழும் இருக்கிறதே’ என்றால், கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் செயலிக்கு அங்கே தமிழே இல்லை.

தங்குமிடக்காரர்களுக்கு. போனில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் வரும். பன்னிரண்டு படம் போட்டால் 48. கடற்கரையில் சிக்னல் இழுபடும்போது அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. அகலத்தை 1600 பிக்சல் புள்ளியாகக் குறைத்து, தரத்தை 80க்கு வைத்துச் சேமித்தால் ஒரு படம் 300 கிலோபைட் அளவில் நிற்கும். ஆனால் வடிவமைப்பவருக்கு மூலப்படத்தையே கொடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது முதலே நசுக்கிவிடும், டொக்குமென்டாக அனுப்புங்கள். தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீடான 94 சேர்த்தால் 026இன் முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்கு லைன் கிடைக்காது. கடல் எந்த மாதங்களில் அமைதி, எப்போது வாடைக்காற்று என்பதை முதற்பக்கத்திலேயே போடுங்கள். டிசம்பரில் வந்து நின்று புறாமலைக்குப் படகு கேட்பவரோடு வாதாடும் வேலை மிச்சம்.

இன்னும் இரண்டு நிமிடம் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைகாட்டுகிறார்கள். ஊரின் கலைஞர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கித்தான் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை எழுதுபவர்களின் கையெழுத்தை எழுத்துருவாக்கலாம். தமிழில் 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். காலும் கொம்பும் ஒருமுறை வரைந்தால் போதும். உகர, ஊகார வரிசை 36ஐயும் மட்டும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும், கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகிறதல்லவா. கிரந்தமும் சேர்த்து நூறை ஒட்டி வரும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதி, 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, ஸ்கான் செய்தால் சரி. எழுதியவருக்குக் கூலியும் வேண்டும், பெயரும் வேண்டும். படம் எடுத்தவருக்கும் அப்படியே. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மும்மொழியிலும் பிழை பார்க்க அவர்களைக் கேளுங்கள், காசு கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, நேரம் முடிந்தேவிட்டது. தளத்தின் முகவரியான டொமைன் பெயரை வடிவமைப்பவர் பெயரில் பதிய விடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், புதுப்பிக்கும் திகதி உங்கள் கலண்டரில். வணக்கம்.