பழைய வேக்குவம் கிளீனரின் பெயர்த்தகடு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். கோயம்புத்தூரில் 38 வருடமாக மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வேக்குவம் கிளீனர்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மதிப்புப் போடுவது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். எங்கே தொடங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. மெஷினில் பதித்திருக்கும், வோல்ட்டும் தேதியும் எண்ணும் பொறித்த பெயர்த்தகட்டில்தான் தொடங்க வேண்டும்.

பட்டறை ஆரம்பித்த புதிதில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். ஓடுகிறதா பார்க்கலாம் என்ற அவசரத்தில் பிளக்கைச் சொருகிவிட்டேன். ஒரே ஒரு உறுமல், அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை. கவிழ்த்து, அடியில் இருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தால் 110 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் ஊர் 230 வோல்ட்டை அது எப்படித் தாங்கும்? ஆர்மச்சூரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுற்றுப் பகுதியை, என் செலவில் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். ஆனால் பருத்தி நூல் போர்த்திய பழைய செம்புக் கம்பி போனது போனதுதான். மெஷினின் உள்ளே இருந்த அசல் வேலையை என் கையாலேயே அழித்துவிட்டேன். அதனால் இன்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்: பரணில் கிடைத்த எந்தப் பழைய மெஷினையும் கரண்டில் மாட்டிப் பார்க்காதீர்கள். வோல்ட் பொருந்தினாலும், வயரின் ரப்பர் உறை விரலால் தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும்.

சரி, தகட்டுக்கு வருவோம். அமெரிக்க மெஷின்கள் சிலவற்றில் 32 வோல்ட் என்று இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 1930-களின் நடுப்பகுதியில்கூட அந்த நாட்டுக் கிராமப்புற வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் கரண்ட் கிடையாது. வசதியுள்ள பண்ணைக்காரர்கள் சின்ன இன்ஜினும் பேட்டரி வரிசையும் வைத்து 32 வோல்ட் டி.சி. மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த வீடுகளுக்கென்றே செய்த மெஷின் அது. அந்த ஒரு எண்ணை வைத்தே அது எந்த மாதிரி வீட்டில் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

காப்புரிமைத் தேதிகளில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தகட்டில் 1908 என்று பார்த்ததும், மெஷின் 1908-இல் செய்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது கண்டுபிடிப்புக்கு உரிமை கிடைத்த நாள். பல வருடம் கழித்துச் செய்த மெஷினிலும் அதே தேதியைப் பொறிப்பது உண்டு. வரிசையில் கடைசித் தேதி எது என்று பாருங்கள். மெஷின் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. 1927-இல் அமெரிக்கச் சட்டம் மாறி, பொருளின் மேல் தேதிக்குப் பதிலாகக் காப்புரிமை எண்ணைப் போட வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே வெறும் தேதிகள் மட்டும் உள்ள தகடு பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தது.

1908 என்ற வருடத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். ஆஸ்துமாக்காரர். விளக்குமாற்றுத் தூசி அவர் மூச்சை அடைத்தது. ஒரு ஃபேன் மோட்டார், ஒரு துடைப்பக் கம்பு, பை தைக்க ஒரு தலையணை உறை, இவற்றை வைத்துத் தன் மெஷினைக் கட்டினார். 1908 ஜூன் 2-ஆம் தேதி உரிமை கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டவர் வில்லியம் ஹூவர், குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்தவர். மோட்டார் கார் வந்து சேண வியாபாரம் தேய்ந்துகொண்டிருந்த காலம். மூச்சுக்குத் திணறிய ஒரு தொழிலாளி தனக்காகச் செய்துகொண்டது இந்தக் கருவி என்பதை நினைத்தால், இன்றும் என் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

அதற்கு முன்பே, 1901-இல், லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்தது குதிரை வண்டியில் ஏற்றிய மெஷின். அது தெருவில் நிற்கும், குழாய் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். அதெல்லாம் யார் பரணிலும் கிடைக்காது. கரண்ட் இல்லாத வீடுகளில் கையால் இயக்கியவைதான் கிடைக்கும்: நம் கொல்லன் பட்டறைத் துருத்தி போல ஒருவர் அழுத்த இன்னொருவர் குழாயைப் பிடிக்கும் ரகம், சைக்கிள் பம்ப் போலத் தகர உருளையில் ஒருவரே இழுத்துத் தள்ளும் ரகம். தகரத்தில் ஒட்டிய பெயரும் படமும் அழியாமல் இருந்தால்தான் இவற்றுக்கு மதிப்பு. துரு போகட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்களோ, கதை முடிந்தது.

விலை விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். வயசு ஆனதாலேயே விலை ஏறாது. லுரெல் கில்ட் 1937-இல் வடிவமைத்த எலக்ட்ரோலக்ஸ் 30 ரயில் இன்ஜின் போல வழுவழுவென்று அழகாக இருக்கும், அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஏராளமாக விற்ற மெஷின் என்பதால் அது அரிதான பொருள் ஆகிவிடாது. 1980-களில் ஜப்பானில் விற்ற, இளஞ்சிவப்பு நிற டைசன் ஜி-ஃபோர்ஸ் அதைவிட ரொம்ப இளையது. சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். எத்தனை செய்தார்கள், அசல் பை இருக்கிறதா, குழாய் முனைகள் முழுசாக இருக்கின்றனவா, பெட்டியும் கையேடும் கூடவே வந்தனவா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். மோட்டார் ஓடுவது அதற்கப்புறம்தான். மோட்டாரை என்னைப் போல ஒருவன் கட்டிவிடலாம், தொலைந்த முனையை யார் செய்வது?

போன வருடம் ஒஹையோவில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டம்மா, தன் பாட்டியுடைய ஹூவர் 150-ஐக் காட்டினார். ஹென்ரி டிரேஃபஸ் வடிவமைத்து 1936-இல் வந்தது. மோட்டாரின் மேல்மூடி பழுப்பு பேக்லைட், அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக். கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்து பார்த்தேன். பினாயிலை நினைவூட்டும் வாடை லேசாக வந்தது. அசல் பேக்லைட்தான். மூடியின் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடியது. அதனாலேயே விலை குறையும் என்று அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

பையைத் திருப்பினேன். கீழ்மூலை கிழிந்த இடத்தில் பூப்போட்ட துணியில் ஒட்டுப்போட்டு, நெருக்கமான கைத்தையல் போட்டிருந்தது. "பாட்டியின் கவுன் துணி," என்றார். சந்தைக்குக் கொண்டுபோனால் அந்த ஒட்டையும் குறை என்றே எழுதுவார்கள். வேறு பை வாங்கி மாட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் தாயி என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். அப்புறம் தகட்டிலிருந்த எண்களை ஒரு தாளில் எழுதி, பாட்டியின் பெயரையும் சேர்த்து எழுதி, அந்தப் பையின் கழுத்தில் நூலால் கட்டிவைக்கச் சொன்னேன். நான் அங்கிருந்து கிளம்பும்போது கட்டியிருந்தார்.

வணக்கம்.