ஒரே செயலி, நாலு சூழல்

வணக்கம், நேயர்களே.

மென்பொருள் எழுதுவதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். எழுதி முடித்ததைப் பயனர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்குக் கொடுத்திருக்கும் இந்த நேரத்தில் அதைத்தான் பேசப் போகிறேன். எங்கள் வட்டாரத்தில் அதை டெப்லாய் செய்வது என்போம்.

எழுதியவரின் கணினியிலிருந்து ஒரு செயலி நேராக மக்கள் கைக்குப் போய்விடாது. முதலில் டெவ் என்று ஒரு சூழல். எழுதுகிறவர்கள் இஷ்டம்போலப் பிரித்துப் போட்டுச் சேர்க்கிற இடம் அது. அடுத்தது டெஸ்ட். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உட்கார்ந்து துருவுவது அங்கேதான். அப்புறம் ஸ்டேஜிங், அரங்கேற்றத்துக்கு முந்தைய ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் புரொடக்‌ஷன். அங்கே இருப்பது நிஜமான மக்கள், நிஜமான பணம். சின்னக் குழுக்கள் இரண்டு சூழலோடு நிறுத்திக்கொள்வார்கள், பெரிய நிறுவனங்களில் ஏழெட்டுகூட இருக்கும். இன்றைய மேம்பாட்டுத் தளங்களில் இவை எல்லாம் ஒரே திரையில் வரிசையாகத் தெரியும். எந்தச் சூழலில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்க்கலாம். அடுத்த சூழலுக்கு அனுப்ப ஒரு பொத்தான். அழுத்தினால் போய்விடும்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நடப்பதுதான் விஷயம். டெப்லாய் ஆன அன்று ராத்திரி வருகிற தொலைபேசி அழைப்புகளில், கோடு, அதாவது எழுதிய நிரல், தப்பாக இருந்ததால் வருபவை குறைவு என்பது என் அனுபவம். ஒரு சூழலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு வித்தியாசம்தான் பெரும்பாலும் ஆளை எழுப்புகிறது.

எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். விண்டோஸ் கணினி கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்ப்பதில்லை. லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம் பார்க்கும். ஒரு படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, கோடில் அதையே சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறது. எழுதியவரின் விண்டோஸ் கணினியில் படம் அழகாகத் தெரியும். செயலியைப் பயனர்களுக்கு வழங்குகிற லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படம் இருந்த இடம் வெறிச்சோடிவிடும். ஒரே ஒரு எழுத்துதான் காரணம். அதேபோல, எழுதுகிறவரின் கணினி உள்ளூர் நேரத்தில் ஓடும், சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடும். நாள் எப்போது முடிகிறது என்பதிலேயே இரண்டும் ஒத்துப்போகாது, ஒரு நாளின் கணக்கு வேறொரு நாளில் போய் விழும். டெவ் சூழலில் அட்டவணையில் ஐம்பது வரிசை இருக்கும், தேடல் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். புரொடக்‌ஷனில் இரண்டு கோடி வரிசை இருந்தால் அதே தேடல் மூச்சு வாங்கும். கோடு மாறவில்லை, இடம்தான் மாறியது.

இந்தக் கதையின் மிகப் பெரிய வடிவம் விண்வெளியில் நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று, ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. அதன் வழிகாட்டும் கருவியில் இருந்த மென்பொருள் ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து வந்தது. பழைய ராக்கெட்டில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் பழையதைவிட மிக அதிகம். அந்த எண்ணை 16 பிட் அளவே உள்ள சின்ன நினைவக இடத்தில் அடக்கப் பார்த்தபோது அது அடங்கவில்லை. கருவி செயலிழந்தது. புதிய சூழலின் எண்களைக் கொடுத்து அந்தக் கருவியைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்பதை விசாரணைக் குழுவும் சுட்டிக்காட்டியது.

சரி, ஒரே கோடைத்தானே எல்லாச் சூழலிலும் போடுகிறோம், வித்தியாசம் எங்கிருந்து நுழைகிறது? முதல் வாசல் பில்டு, அதாவது எழுதிய கோடை ஓடக்கூடிய பொருளாகக் கட்டுவது. பல குழுக்கள் ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனியாக பில்டு செய்கின்றன. டெஸ்டுக்குச் செவ்வாய்க்கிழமை ஒன்று, புரொடக்‌ஷனுக்கு வெள்ளிக்கிழமை இன்னொன்று. செயலி நம்பியிருக்கிற வெளி நூலகங்களில், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளில், ஏதோ ஒன்று அந்த மூன்று நாளுக்குள் புதிய பதிப்பு வெளியிட்டிருந்தால் போதும், சோதித்த பொருள் வேறு, மக்களிடம் போகிற பொருள் வேறு ஆகிவிடும். ஒரே தடவை பில்டு செய்து, அதே பொருளைச் சூழலுக்குச் சூழல் நகர்த்துவதுதான் சரியான வழி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. 2013-இல் டாக்கர் என்ற கருவி வந்த பிறகு இது எல்லோருக்கும் கைக்கெட்டியது. செயலியையும் அது ஓடத் தேவையான நூலகங்களையும் ஒரே பொதியாக்கிவிடலாம். அந்தப் பொதியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு நீண்ட அடையாள எண் இருக்கும், உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். டெஸ்டில் தேறிய எண்ணும் புரொடக்‌ஷனுக்குப் போன எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டாவது வாசல் அமைப்புகள், அதாவது கான்ஃபிக். டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல், பணம் செலுத்தும் சேவையின் சாவி, இவை சூழலுக்குச் சூழல் மாறித்தான் ஆக வேண்டும். இவற்றைக் கோடுக்குள்ளேயே எழுதிவைப்பது பழைய கெட்ட பழக்கம். செயலிகளை இணையத்தில் ஓட்டித் தருகிற ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2011 வாக்கில் பன்னிரண்டு விதிகளாக ஒரு நடைமுறையைத் தொகுத்தார்கள். அதில் மூன்றாவது விதி இதைப் பற்றியது. அவர்கள் வைக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும்: உங்கள் கோடு முழுவதையும் இந்த நிமிடமே ஊருக்கெல்லாம் திறந்துவிட்டால் ஒரு கடவுச்சொல்லாவது வெளியே போகுமா? போகும் என்றால் அமைப்புகளை இன்னும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். கோடின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்துவைக்கிற கிட் என்ற கருவியில் தப்பித் தவறி ஏறிய கடவுச்சொல்லை அடுத்த பதிப்பில் அழித்தாலும் அது பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றினால்தான் பயமில்லை.

கான்ஃபிக்கில் வரும் தவறுகள் சத்தம் போடாமல் வரும். ஸ்டேஜிங் சூழலின் மின்னஞ்சல் அமைப்பில் புரொடக்‌ஷன் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், சோதனைக்காக அனுப்பிய ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது’ என்ற கடிதம் நிஜ வாடிக்கையாளர்களுக்கே போய்ச் சேரும். அதனால், தேவையான ஒரு அமைப்பு விடுபட்டிருந்தாலும் செயலி தொடங்கவே மறுக்கும்படி எழுதுங்கள் என்று நான் சொல்வதுண்டு. தொடங்கும்போதே நின்றால் அனுப்பியவர் எதிரில் இருக்கிறார், உடனே சரிசெய்வார். தொடங்கிவிட்டு நள்ளிரவில் நின்றால் யாரோ ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து முதலிலிருந்து தேட வேண்டும்.

இப்போது நைட் கேப்பிட்டல் கதைக்கு வருகிறேன். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய தரகு நிறுவனம். 2012 ஜூலைக் கடைசியில் புதிய கோடை எட்டு சர்வர்களில் ஏற்றினார்கள். ஏழில் ஏறியது, எட்டாவதில் ஏறவில்லை. ஏற்றியவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அங்கே எழுத்தில் இல்லை. எட்டாவது சர்வரில் 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு பழைய கோடு நீக்கப்படாமல் கிடந்தது. அந்தப் பழைய கோடை இயக்கும் சுவிட்சாக இருந்த அதே குறியீட்டைத்தான் புதிய கோடும் எடுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் சரியாக வேலை செய்தன. எட்டாவது, செத்துப்போன கோடை எழுப்பிவிட்டு, ஆர்டர்களை நிறுத்தாமல் அனுப்பத் தொடங்கியது. 45 நிமிடங்களில் 154 நிறுவனப் பங்குகளில் நாற்பது லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

இதில் என்னை உலுக்குகிற இடம் இன்னும் இருக்கிறது. நெருப்பு பிடித்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? கோளாறு புதிய கோடில்தான் என்று நினைத்து, ஒழுங்காக ஓடிய ஏழு சர்வர்களிலும் அதை நீக்கிப் பழையதுக்குத் திரும்பினார்கள். அந்த ஏழிலும் பழைய கோடு விழித்துக்கொண்டது. நிலைமை இன்னும் மோசமானது. எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று அந்த நிமிடத்தில் கண்ணால் பார்க்க முடிந்திருந்தால் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள். சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய அமைப்பு ஊழியர்களுக்குத் தானாக 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது, பழைய கோடின் பெயரைக் குறிப்பிட்டே. எச்சரிக்கை என்ற பெயரில் வராததால் யாரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

முந்தைய பதிப்புக்குத் திரும்புவதை ரோல்பேக் என்போம். ரோல்பேக் என்றாலே பத்திரமாகத் திரும்பி வருவது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கோடு திரும்பும், டேட்டா திரும்பாது. டேட்டாபேஸ் மாற்றங்கள் எல்லாவற்றையும்விடக் கடினமானவை என்பதற்கு இதுதான் காரணம். டேட்டாபேஸ் அட்டவணையில் ‘தொலைபேசி’ என்ற பத்தியின் பெயரை ‘கைப்பேசி’ என்று மாற்ற வேண்டும் என்று வையுங்கள். பெயரை மாற்றுகிற கட்டளை ஒரே வரி. ஆனால் அதை ஓட்டிய கணத்தில், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பு ‘தொலைபேசி’ எங்கே என்று தேடி விழுந்துவிடும். அனுபவசாலிகள் இதை வாரக்கணக்கில் செய்வார்கள். முதலில் புதிய பத்தியைச் சேர்ப்பார்கள், பழையதைத் தொட மாட்டார்கள். அடுத்த பதிப்பு இரண்டிலும் எழுதும். பிறகு பழைய விவரங்களைப் புதிய பத்திக்கு நகலெடுப்பார்கள். அப்புறம் படிப்பதைப் புதியதுக்கு மாற்றுவார்கள். யாரும் பழையதைத் தொடவில்லை என்று உறுதியான பிறகுதான் அதை நீக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ஒரு பெயரை மாற்ற இவ்வளவு பொறுமை காட்டுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

டேட்டா என்றதும் 2017 ஜனவரி 31 ராத்திரி, மென்பொருள் குழுக்கள் கோடைச் சேமித்துவைக்கிற தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதன்மை டேட்டாபேஸ், அதன் துணைப் பிரதி என்று இரண்டு சர்வர். துணையில் இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரதியெடுக்க நினைத்த பொறியாளர், அழிக்கும் கட்டளையை முதன்மையில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் புரிந்துகொண்டு நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் வழக்கமான நகல் எதுவுமே இல்லை. நகலெடுக்கும் கருவி டேட்டாபேஸுக்குப் பொருந்தாத பழைய பதிப்பில் ஓடித் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. அவர்களைக் காப்பாற்றியது ஸ்டேஜிங். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்பு, ஸ்டேஜிங்கில் ஒரு சோதனைக்காகப் புரொடக்‌ஷன் டேட்டாவை ஒருவர் கையால் நகலெடுத்து வைத்திருந்தார். அதைத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஸ்டேஜிங்கின் வட்டுகள் மெதுவானவை, கொண்டுவரவே சுமார் 18 மணி நேரம் ஆனது. மீட்பு வேலையை அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் நேரலையில் காட்டினார்கள், பிறகு காரணங்களையும் விரிவாக எழுதினார்கள். அந்த நேர்மையால்தான் நாம் இன்று இதைப் பேச முடிகிறது. புரொடக்‌ஷனில் நுழைந்தால் திரையின் நிறமே மாறும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாக் குழுக்களிடமும் வற்புறுத்துவது இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துத்தான்.

நிஜ டேட்டாவை டெஸ்டுக்கு நகலெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டெஸ்ட் சூழலின் கதவுகள் புரொடக்‌ஷன் அளவுக்குப் பூட்டியிருக்காது, உள்ளே வருகிறவர்களும் அதிகம்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் புரொடக்‌ஷன் என்பது தனி உலகம்தான். அங்கே இருப்பது அத்தனையும் ஸ்டேஜிங்கில் இருக்காது. அதனால் புதிய பதிப்பை முதலில் நூறில் ஒரு பங்குப் பயனர்களுக்கு மட்டும் விட்டு, பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து, அப்புறம் பத்து, அப்புறம் ஐம்பது என்று ஏற்றுகிறார்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையுள்ள ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுக்க ஒரே மூச்சில் அனுப்பியது. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனாலும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திணறின. அனுப்பியது புதிய மென்பொருள்கூட இல்லை, எதைத் தேட வேண்டும் என்று சொல்கிற விவரக் கோப்பு. மென்பொருளைப் படிப்படியாக அனுப்பியவர்கள் விவரக் கோப்புக்கு அந்தப் படிகள் தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் அதற்கும் படிகள் வந்தன.

கோடே எழுதாமல், இழுத்து வைத்துச் செயலி கட்டுகிற தளங்கள் இப்போது பெருகிவிட்டன. அங்கே வேலை செய்கிறவர்கள் பலர், இந்த விதிகள் நிரலாளர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அந்தத் தளங்களில்தான் ஆபத்து கூடுதல். புரொடக்‌ஷனிலேயே திறந்து, ஒரு சதுரத்தை நகர்த்தி, சேமித்துவிட முடிகிறது. அவசரத்துக்கு அப்படி ஒருவர் வரித்தொகைக் கணக்கில் இருந்த ஒரு தவறைத் திருத்துகிறார். பயனர்கள் நன்றி சொல்கிறார்கள். அந்தத் திருத்தம் டெவ் சூழலுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் வழக்கமான பதிப்பு டெவ்விலிருந்து ஏறுகிறது, திருத்தம் அடித்துக்கொண்டு போகிறது, பழைய தவறு மறுபடி வந்து நிற்கிறது. இந்த முறை யாருக்கும் காரணம் புரியாது. அதனால் புரொடக்‌ஷனில் திருத்தும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள், மூத்தவர்களிடமிருந்தும்தான். அவசரத் திருத்தமும் டெவ்விலேயே தொடங்கி அதே வழியில் போகட்டும். அந்த வழி ஒரு நாள் எடுக்கிறது என்றால் மக்கள் குறுக்கு வழி தேடத்தான் செய்வார்கள். பத்து நிமிடத்தில் முடியும்படி அதைச் சீராக்குவது தளத்தைப் பராமரிக்கிறவர்களின் பொறுப்பு.

வணக்கம்.