25 ஆயிரத்துக்குப் புதுசா, பழசா?

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். புதிதாகவே வாங்கிவிடலாமா, இல்லை 'ரீஃபர்பிஷ்டு' என்று போர்டு போட்டு விற்கிறார்களே, அதை நம்பலாமா? கணினி பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 25 ஆயிரத்துக்குப் பழையதை வாங்குங்கள். 50 ஆயிரம் போட முடிந்தால் புதியதை வாங்குங்கள். பணமில்லாதவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கில் இதைச் சொல்லவில்லை. அந்த விலையில் கிடைக்கும் இரண்டில் பழையதுதான் நல்ல இயந்திரம்.

எப்படி என்று பாருங்கள். விலை மலிவான புது லேப்டாப்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பல மாடல்களில் 'செலரான்' என்று இருக்கும். இன்டெல் கம்பெனியின் மலிவு ரக ப்ராசஸர் அது, அதாவது லேப்டாப்பின் மூளையான சில்லு. செலரான் என்4500 என்ற சில்லில் இருப்பது இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் இரண்டே கரு. ராமை, அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகத்தை, பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். நாளைக்குக் கூட்ட முடியாது. சிலவற்றில் எஸ்.எஸ்.டி என்ற வேகமான சேமிப்பகம் கூட இருக்காது. இஎம்எம்சி என்று போனில் போடுகிற வகைச் சேமிப்பு 64 ஜிபி இருக்கும், அதில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும்.

அதே பணத்துக்கு வருகிற பழைய லேப்டாப்பின் பூர்வீகம் வேறு. டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக். இவை வீட்டுக்காரர்களுக்காகச் செய்தவை அல்ல. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற மாதிரி ஐ.டி. கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ ஊழியர்களுக்குக் கொடுப்பவை. மூன்று நான்கு வருடத்தில் கணக்குப்படி கழித்துவிடுவார்கள். கெட்டுப்போனதால் கழிப்பதில்லை, காலம் முடிந்ததால் கழிக்கிறார்கள். கீல் உறுதியாக இருக்கும், கீபோர்டு நன்றாக அழுந்தும், அடிமூடியைக் கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். 2018-இல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராமுக்கு இரண்டு இடம் உண்டு, பின்பக்க பேட்டரியை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே கழற்றலாம். இன்றைக்குப் புதிதாக வருகிற மெல்லிய லேப்டாப்புகளில் இந்த வசதியைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் பழையதெல்லாம் ஒன்றல்ல. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகளை, மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால், இன்டெல் ப்ராசஸரில் பொதுவாக எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் ஆறாவது, ஏழாவது தலைமுறை லேப்டாப்புகளை எப்படியாவது தள்ளிவிடப் பார்க்கும் கடைகளும் உண்டு. விளம்பரத்தில் 'கோர் ஐ5, 8 ஜிபி, எஸ்.எஸ்.டி' என்று பெரிதாகப் போடுவார்கள். எந்தத் தலைமுறை என்பதைப் போட மாட்டார்கள்.

நீங்களே கண்டுபிடிக்கலாம். ஐ5 என்பதற்குப் பின்னால் ஒரு எண் வரும். 7300 என்றால் ஏழாவது தலைமுறை, 8350 என்றால் எட்டாவது. 10210 மாதிரி ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டைப் பாருங்கள், பத்தாவது. இது வெறும் விண்டோஸ் பிரச்சினை மட்டுமில்லை. இந்த வகை லேப்டாப்புகளில் ஏழாவது தலைமுறை ஐ5-இல் இரண்டு கோர்தான், எட்டாவதில் நான்கு. ஒரே ஒரு எண் தாண்டினால் இயந்திரமே மாறிவிடுகிறது. அதனால்தான் எட்டுக்குக் கீழே வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வேன் என்கிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. லினக்ஸ் மின்ட் போட்டால் ஏழாவதும் நன்றாகவே ஓடும்.

8 ஜிபி ராம் இருப்பதை வாங்கி, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது நேற்று வரை நல்ல யோசனை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. ஆகவே 16 ஜிபி ஏற்கெனவே உள்ளே இருக்கிற பழைய லேப்டாப் கிடைத்தால், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் லாபம்தான்.

சரி, 'ரீஃபர்பிஷ்டு' என்றால் என்ன? முறையாகச் செய்கிறவர்கள் பிரித்துத் தூசி தட்டி, ஒவ்வொரு பாகமாகச் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, பழைய தகவலை முழுக்க அழித்துத் தருவார்கள். 2022-ஆம் ஆண்டு மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி இந்த வேலையைச் செய்கிறவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். துணியால் துடைத்து, விண்டோஸை ஏற்றி, அதே பெயரைச் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். 'ஏ கிரேடு' என்பார்கள். அது பெரும்பாலும் மேலே கீறல் இல்லை என்பதற்கான சான்றிதழ். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

உள்ளே பார்க்க வேண்டியதில் முதல் ஆள் பேட்டரி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். வானொலியில் எழுத்துக்கூட்டிச் சொல்வது கஷ்டம், இருந்தாலும் சொல்கிறேன்: 'பவர்', அதோடு ஒட்டி சி, எஃப், ஜி. பிறகு ஓர் இடைவெளி, கேள்விக்குறி விசையில் இருக்கும் சாய்கோடு, 'பேட்டரி ரிப்போர்ட்' இரண்டும் சேர்த்து ஒரே சொல்லாக. ஒரு கோப்பு உருவாகும். அதில் பேட்டரி செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் அளவும் இருக்கும். 50,000 இருந்த இடத்தில் 30,000 என்றால் 60 சதவீதம்தான் மிச்சம். பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். டூப்ளிகேட் பேட்டரி போட்டிருந்தால் இந்த அறிக்கையையும் முழுதாக நம்ப முடியாது. சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். டச்பேட் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அந்த லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது பூட்டு. லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது ஏதோ ஒரு கம்பெனி பெயரைக் காட்டி 'உங்கள் அலுவலகக் கணக்கைக் கொடுங்கள்' என்று கேட்டாலும் அப்படித்தான். அந்தக் கம்பெனி தன் பட்டியலிலிருந்து அதை இன்னும் விடுவிக்கவில்லை என்று பொருள். இன்றைக்கு ஏதாவது செய்து திறந்து கொடுப்பார்கள். பிறகு ஒருநாள் விண்டோஸை அழித்து ஏற்றும்போது திரும்பவும் வந்து நிற்கும். ஆப்பிளிலும் இதே கதை உண்டு.

விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். கம்பெனி லேப்டாப்புகளில் பெரும்பாலும் அசல் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அப்படியிருந்தும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றால், மற்ற வேலைகளை எந்த லட்சணத்தில் செய்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்களா? அப்படியென்றால் லேப்டாப்பையே விட்டுவிடுங்கள் என்பேன். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி என்று கையடக்கமான டெஸ்க்டாப்புகளும் இதே கம்பெனிகளிலிருந்து கழிந்து வருகின்றன. பேட்டரி இல்லை, கீல் இல்லை, உடைகிற ஸ்க்ரீன் இல்லை. பழையதில் பயப்பட வேண்டிய பாதி இதிலேயே போய்விடுகிறது. மானிட்டரைத் தனியாக வாங்க வேண்டும், மின்சாரம் போனால் அணைந்துவிடும், குறை அவ்வளவுதான்.

புதியதை யார் வாங்க வேண்டும்? விடுதியில் தங்கி நான்கு வருடம் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளை, வீடியோ எடிட்டிங் செய்கிறவர், கேம் விளையாடுகிறவர். கேமுக்கும் வீடியோவுக்கும் உதவும் தனி கிராஃபிக்ஸ் சில்லு பழைய கம்பெனி லேப்டாப்புகள் பலவற்றில் கிடையாது. ரிப்பேர் வந்தால் கம்பெனி ஆளே வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களும் புதியதற்கே போகலாம். பழையதில் பெரும்பாலும் கிடைப்பது கடைக்காரர் கொடுக்கும் வாரன்டிதான். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். கடை இருக்கும் வரைக்கும்தான் அதுவும். அதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, பில்லில் லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் வாரன்டிக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். பில் தர மாட்டேன், விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். அது யாரிடமிருந்து திருடியதோ, பிறகு போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நன்றி, வணக்கம்.