வடிவுடையாள்: ஒற்றியூர்ப் பெண்பெயர் ஒன்று

நேயர்களுக்கு வணக்கம்.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கித் தியாகராஜர் கோயிலுக்கு வழி கேட்டால், 'வடிவுடையம்மன் கோயில்தானே?' என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊரில் சாமியைவிட அம்மன் பெயர்தான் முன்னால் வரும். ஆட்டோவின் பின்கண்ணாடியில் வடிவுடையம்மன் துணை, மளிகைக் கடைப் பலகையில் வடிவுடையம்மன், அச்சகத்துக்கும் அதே பெயர். ஆனால் சுற்று வட்டாரப் பள்ளிகளில் முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் வடிவுடையாள் என்று ஒரு பெண்ணைக் காண்பது அரிது. கடைக்கு வைக்கிற பெயரைக் குழந்தைக்கு வைக்கக் கை வராமல் போனது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் பொருள். 'வடி' என்பது வினை. சோற்றை வடிக்கிறோம், கஞ்சி போய்விடுகிறது. சிற்பி சிலை வடிக்கிறார், வேண்டாத கல் உதிர்ந்துவிடுகிறது. கொல்லர் இரும்பை அடித்துக் கூர்மையாக்குவதற்கும் வடித்தல் என்றே பெயர். இந்த வினையோடு சேர்ந்த சொல்தான் வடிவு. உருவம் என்பது அதன் முதற்பொருள், அழகு என்பது அதிலிருந்து விளைந்த பொருள். ஆகவே பூச்சும் மினுக்கும் சேர்த்து வருகிற அழகை இந்தச் சொல் குறிக்கவில்லை. மிச்சமெல்லாம் கழிந்தபின் நிற்கிற அழகைக் குறிக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் திருமகளை 'வடிவாய் நின் வல மார்பினில் வாழ்கின்ற மங்கை' என்கிறார். சென்னைப் பேச்சில் இந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தேயவில்லை: 'வடிவான பிள்ளை' என்றால் அழகான பிள்ளை, 'வடிவாச் சாப்பிடு' என்றால் நன்றாகச் சாப்பிடு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வடிவேலு என்ற ஆண்பெயரின் பெண்பால்தான் வடிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வடிவேல் என்பதை வடி, வேல் என்று பிரிக்க வேண்டும். வடித்த வேல், அதாவது கூர் தீட்டிய வேல். இலக்கணத்தில் அது வினைத்தொகை. வடிவு தனிச் சொல். இரண்டுக்கும் வேர் ஒன்று, அவ்வளவுதான் உறவு.

அடுத்த பாதி 'உடையாள்'. உடுத்துகிற உடைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கொண்டிருப்பவள், உரியவள் என்று பொருள். பெரிய மதிப்புள்ள சொல் இது. சோழர் கல்வெட்டுகளில் செம்பியன் மாதேவியை 'உடைய பிராட்டியார்' என்று குறிப்பார்கள். வடிவும் உடையாளும் சேரும்போது, வடிவின் கடைசி உகரம் விலகி, வகர மெய்யின் மேல் அடுத்த சொல்லின் உகரம் ஏறிக்கொள்கிறது. எழுத்தை எண்ணினால் ஆறு: வ, டி, வு, டை, யா, ள். ஒலித்துப் பார்த்தால் ஆறரை மாத்திரை; நடுவில் வருகிற ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகிவிடுவதால் இந்தக் கணக்கு. நீளமான பெயர் என்று பயப்படுகிறவர்கள் சொல்லிப் பார்க்கட்டும். நாக்கு எங்கேயும் தடுக்காது.

வடசென்னையில் இந்தப் பெயருக்கு இரண்டு கூட்டாளிகள் உண்டு. மீஞ்சூருக்குப் பக்கத்தில் மேலூரில் திருவுடையம்மன், ஒற்றியூரில் வடிவுடையம்மன், திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகளாக இவர்களைச் சொல்வார்கள். பௌர்ணமி அன்று, அதிலும் வெள்ளிக்கிழமையில் வருகிற பௌர்ணமி அன்று, காலையில் மேலூர், உச்சிப்பொழுதில் ஒற்றியூர், மாலையில் முல்லைவாயில் என்று ஒரே நாளில் மூவரையும் பார்த்து வருவது வழக்கம். மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி ஒரு பிழை ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றாவது பெயரில் இருப்பது 'உடை' அல்ல, 'இடை'. கொடி போன்ற இடையை உடையவள் கொடியிடை. இது தெரியாமல் 'கொடியுடையம்மன்' என்று பேனர் அடிக்கிறார்கள். அதே கையோடு ஒற்றியூர்க்காரியை 'வடிவிடை' ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு. வடிவிடை என்ற ஒரு சொல்லே கிடையாது.

ஒற்றியூர் அம்மனுக்கு வடமொழிப் பெயர் திரிபுரசுந்தரி. தியாகராஜ சுவாமிகள் அவள் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவற்றில் மூன்று 'சுந்தரி' என்றே தொடங்குகின்றன. சுந்தரி என்றாலும் அழகுடையாள்தான். குழந்தைக்குப் பெயர் வைக்கிற இடத்தில் இந்த சுந்தரி வென்றுவிட்டாள். திரிபுரசுந்தரி, சுந்தரி, பாலசுந்தரி என்று ஒரு தலைமுறை முழுக்கப் பெயர்கள் உண்டு. தமிழ்ப்பெயரைத் தாங்கி நிறுத்தியது ஏழுகிணற்றில் குடியிருந்த வள்ளலார். அவர் பாடிய வடிவுடை மாணிக்கமாலையில் 101 பாட்டு. ஒவ்வொன்றும் 'வடிவுடை மாணிக்கமே' என்றுதான் முடியும். ஒரு பெயரை நூறு தடவைக்கு மேல், அலுக்காமல், கடைசிச் சீர்களில் கொண்டுவந்து நிறுத்துவது சாதாரண வேலை இல்லை. அந்தப் பாட்டு இன்றும் பாடப்படுகிறது. பெயர்தான் தொட்டிலுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? பல காரணம். வீட்டில் வடிவு என்று சுருங்கிய பெயர் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் வடிவு, வடிவம்மாள், வடிவாம்பாள் என்றே ஏறி, முழுப்பெயர் மறந்துபோனது. சுருங்கிய பெயர் பாட்டிகளோடு ஒட்டிக்கொண்டதால் பழசாகத் தெரிந்தது. நடிகை வடிவுக்கரசி பெயரால் அந்தச் சொல் திரையில் தொடர்ந்து கேட்டாலும் பெற்றோர் மனசு மாறவில்லை. பிறகு நட்சத்திர எழுத்து. பஞ்சாங்கப்படி ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்று நான்கு பாதத்துக்கு நான்கு எழுத்து. 'வ' இரண்டாம் பாதத்துக்கு வருகிறது. அப்படிப் பிறந்த குழந்தைக்கும் வர்ஷினி, வைஷ்ணவி என்று போய்விடுகிறார்கள். பள்ளியில் கேலி செய்வார்கள் என்ற பயமும் உண்டு: கணக்குப் புத்தகத்தில் வடிவியல் பாடம், திரையில் வடிவேலு. உண்மையில் எந்தப் பெயருக்கும் பிள்ளைகள் ஒரு கேலி கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காகப் பெயரை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

துணிந்து வைக்க முடிவெடுத்தவர்கள் பதிவில்தான் கவனமாக இருக்க வேண்டும். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த எல்லையில்தான் பிறப்பு பதிவாகும், வீடு இருக்கும் இடத்தில் அல்ல. வீடு திருவொற்றியூரில், அது மாநகராட்சியின் 1ஆவது மண்டலம். பிரசவம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் என்றால் பதிவு 5ஆவது மண்டலத்தில். பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். அப்போது பெயர் முடிவாகாவிட்டாலும் குற்றமில்லை. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை சேர்த்த பெயரை நினைத்தபடி மாற்ற முடியாது. எழுத்துப் பிழை என்றால் சான்று காட்டித் திருத்தலாம். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால், இங்கே விழுகிற பிழை கடைசி வரை கூடவே வரும்.

பிழை விழுகிற இடங்கள் நான்கு. கடைசி எழுத்து 'ள்'; தட்டச்சில் 'ல்' விழுந்தால் 'வடிவுடையால்' என்று பொருளில்லாமல் நிற்கும். நடுவில் 'டை', அதை 'ட' ஆக்கினால் 'வடிவுடயாள்'. மூன்றாவது, இடைவெளி: 'வடிவு உடையாள்' என்று பிரித்து எழுதினால் பாஸ்போர்ட் படிவத்தில் உடையாள் குடும்பப் பெயராகிவிடும். நான்காவது ஆங்கில எழுத்து. சான்றிதழில் இரண்டு மொழியிலும் பெயர் வரும். வி, ஏ, டி, ஐ, வி, யு, டி, ஏ, ஐ, ஒய், ஏ, எல் என்று 12 எழுத்து. ஒய் விடுபட்டால் படிக்கிறவர் தடுமாறுவார். 'டி'க்குப் பின்னால் 'எச்' போட்டால் 'வதிவு' ஆகும். அது வசிப்பதைக் குறிக்கிற வேறு சொல். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் திருத்தலாம். அதனால் இந்த 12 எழுத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, விண்ணப்பத்தோடு கொண்டுபோய், வெளியே வருமுன் அச்சான படியை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது.

வீட்டுக்குள் இன்னொரு சிக்கல் வரலாம். பாட்டி பெயரைப் பேத்திக்கு இடுவது நம் வழக்கம். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி, பெயரைத் தாங்குகிறவள். ஆனால் மாமியார் பெயர் வடிவு என்றால் மருமகள் அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்டத் தயங்குவாள். அதனால்தான் சான்றிதழில் பாட்டி பெயரும் வாயில் பாப்பா, அம்மு என்று வேறு பெயருமாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். முழுப்பெயர் காதில் விழாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மாமியாரே முன்வந்து 'என் பேரைச் சொல்லியே கூப்பிடும்மா' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கொஞ்சும்போது வடிவு, கோபத்தில் வடிவுடையா, தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் 'ஏ வடிவூ' என்று கடைசி எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

வணக்கம்.