பானுமதியின் திமிரும் பரணி ஸ்டுடியோவும்

தலைவர் அவர்களே, திரைப்படக் கழக நண்பர்களே, வணக்கம்.

பானுமதி என்றதும் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "அந்தம்மா யாருக்கும் பணியாது!" 'நாடோடி மன்னன்' படத்திலிருந்து பாதியில் விலகினார், கதையில் அவர் பாத்திரத்தையே சாகடித்துவிட்டார்கள். 'மிஸ்ஸம்மா'வில் கொஞ்சம் நடித்துவிட்டு வெளியேறினார், அந்த இடத்துக்குச் சாவித்திரி வந்தார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் 1950களில் ஒரு நடிகையால் "உங்கள் படம் எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போக எப்படி முடிந்தது? அதை யாரும் கேட்பதில்லை.

அவருக்குச் சொந்தக் கம்பெனி இருந்தது. அதுதான் பதில்.

ஓங்கோல் பக்கத்துக் கிராமத்துப் பெண். 1939இல் 'வரவிக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகமானபோது சின்னஞ்சிறு வயது. 1943இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவைக் காதலித்து மணந்தார். மகன் பரணியின் பெயரில் இருவரும் படக் கம்பெனி தொடங்கினார்கள், ஸ்டுடியோவும் கட்டினார்கள். அடுத்தவர் படத்தில் சரிப்பட்டு வராவிட்டால், திரும்பி வர அவருக்குச் சொந்தத் தளம் இருந்தது. கர்வம் என்கிறோமே, அதில் பாதி இந்தத் தெம்புதான் என்பது என் கட்சி.

அந்தத் தெம்பில்தான் 1953இல் 'சண்டிராணி'யை இயக்கினார். தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில். கதாநாயகன் என்.டி. ராமராவ், பானுமதிக்கு இரட்டை வேடம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே காட்சிக்கு மூன்று மொழி வசனம். இரண்டு பானுமதிகளும் ஒரே சட்டகத்துக்குள் வரவேண்டுமென்றால், அன்றைக்குக் கணினி கிடையாது. கேமராவிலும் லேபிலும்தான் வித்தை காட்டவேண்டும். போதாததற்கு, இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் இடையில் காலமானார். மிச்ச இசையை இளைஞரான எம்.எஸ். விஸ்வநாதன் முடித்துக் கொடுத்தார். நடிப்பு, பாட்டு, இயக்கம் மூன்றையும் ஒரு பெண் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படம் வெளிவந்தது.

தமிழ் சினிமாவின் முதல் பெண் இயக்குநர் பானுமதியல்ல. டி.பி. ராஜலட்சுமி 1936இலேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். பெருமையை உரியவருக்குக் கொடுத்துவிடுவோம்.

சாவித்திரியும் இயக்கினார். 1968இல் 'சின்னாரி பாப்பலு'. பிறகு 'பிராப்தம்' எடுத்தார், கை சுட்டது. பானுமதியைவிடச் சாவித்திரி பெரிய நடிகை என்று நீங்கள் வாதாடினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கணக்குப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ராமகிருஷ்ணாவும், பின்னால் ஒரு ஸ்டுடியோவும் சாவித்திரிக்கு இல்லை. இயக்கம் என்பது திறமை மட்டுமா? விழுந்தால் தாங்க ஒரு தரை வேண்டாமா?

பானுமதி 70களில் மறுபடியும் சில படங்களை இயக்கினார். 1982இல் 'பக்த துருவ மார்க்கண்டேயா' எடுத்தபோது நடிகர்கள் அத்தனை பேரும் குழந்தைகள். பெரியவர்களோடு மல்லுக்கட்டியது போதும் என்று நினைத்தாரோ என்னவோ!